முதல்ல உசுப்பணும்

மாட்டுகிறவனுக்கு ஊரில் மரியாதை உண்டு. கழற்றுகிறவனைச் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள். நான் கழற்றுகிறவன். அதுவும் என் கையால் அல்ல. கழற்றுகிற இயந்திரக் கைக்கு விரல் செய்து கொடுப்பவன்.

காரைக்குடியிலிருந்து தேவகோட்டை போகும் சாலையில் எங்கள் தகரக் கொட்டகை இருக்கிறது. பழைய மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி எல்லாம் லாரியில் வந்து இறங்கும். செம்பு தனி, இரும்பு தனி, பிளாஸ்டிக் தனி என்று பிரித்து அனுப்புவோம். ஆறு பெண்கள் கையால் கழற்றுகிறார்கள். ஏழாவதாக ஒரு இயந்திரக் கை. கார் தொழிற்சாலை ஒன்று வேண்டாம் என்று தள்ளிவிட்டது. தோள் உண்டு, முழங்கை உண்டு, மணிக்கட்டு உண்டு. விரல் மட்டும் இல்லாமல் வந்து சேர்ந்தது. அந்த விரல்தான் ஒன்றரை வருடமாக என் வேலை, என் கவலை, என் கனவு.

இறுகிப்போன ஊறுகாய் பாட்டில் மூடி, துருப்பிடித்த நட்டு, தலை தேய்ந்த ஸ்க்ரூ என்று எதனோடாவது மல்லுக்கட்டித் தோற்று, உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தவரா நீங்கள்? அப்படியென்றால் நாம் பங்காளிகள். மேலே படியுங்கள்.

பள்ளத்தூர்க் கல்யாணம்

பள்ளத்தூரில் ஒரு உறவுக்காரக் கல்யாணம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த மாப்பிள்ளை வீட்டுக்காரர், "இப்ப எங்க வேலை பாக்குறீக?" என்று கேட்டார். கோயம்புத்தூரில் முப்பது வருடம் இயந்திரங்கள் பொருத்துகிற கம்பெனியில் இருந்ததையும், இப்போது பழைய மிக்ஸிகளைக் கழற்றும் இயந்திரத்துக்கு விரல் வடிவமைப்பதையும் விளக்கினேன். கொஞ்சம் நீளமாகவே விளக்கிவிட்டேன் போலிருக்கிறது. அவர் வெள்ளைப் பணியாரத்தை முழுவதும் தின்று முடித்து, தண்ணீர் குடித்து, அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தார். "கழட்டுறதுக்கு எதுக்குங்க இன்ஜினியரு? எங்க வீட்டுல ஒரு பய இருக்கான், எதைக் குடுத்தாலும் கழட்டிருவான். நாங்க அவனை அடிக்கத்தான் செய்யிறோம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பஸ்ஸில் திரும்பும்போது அந்தச் சிரிப்பு போய், அவர் கேட்டது சரிதானோ என்று தோன்ற ஆரம்பித்தது. முப்பது வருடம் ஒன்றைச் சேர்க்கத் தெரிந்தவனுக்கு, ஐம்பத்து நாலு வயதில் பிரிக்கிற வேலை எதற்கு? என் முகத்தைப் பார்த்து மனைவி கேட்டாள்: "நீங்க கை கழுவப் போனப்ப அவரு என்ன சொன்னாருன்னு தெரியுமா? ‘நல்ல மனுசன், எங்கயோ மரை கழண்டுருச்சு போல'ன்னாரு. நானும் இல்லைன்னு சொல்லலை."

கட்டைவிரல்

இயந்திரக் கை வருவதற்கு முன்பே நான் கொட்டகையில் சேர்ந்துவிட்டேன். மிக்ஸியில் ஜாரை உட்காரவைக்கும் இடத்தில், பல் வைத்த வட்டு ஒன்று சுழலும் அல்லவா, அதற்குக் கப்ளர் என்று பேர். அதைக் கழற்றாமல் மோட்டாரை வெளியே எடுக்க முடியாது. வருடக்கணக்கில் சட்னித் தண்ணீர் இறங்கித் துருப்பிடித்து, கப்ளர் மோட்டாரோடு ஒன்றாகிப் போயிருக்கும். எங்கள் கொட்டகையில் கப்ளர் வேலை பஞ்சவர்ணத்துடையது. நாற்பது வயதிருக்கும். காளையார்கோவில் பக்கமிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அவள் ஒருத்திதான். அவளுடைய கஷ்டத்தைக் குறைக்கிறேன் என்று நான் ஒரு கைக்கருவி செய்து கொடுத்தேன். கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தித் திருகினால் போதும். வேலை இரண்டு மடங்கு வேகமாயிற்று. எல்லோரும் பாராட்டினார்கள். எனக்கும் பெருமைதான்.

வேகம் இரண்டு மடங்கானால் அழுத்துகிற தடவையும் இரண்டு மடங்காகும் என்கிற சின்னக் கணக்கை நான் போடவில்லை. இரண்டு வருடத்தில் அவளுடைய வலது கட்டைவிரலின் அடிமூட்டு வீங்கிவிட்டது. இனி அதை வைத்து அழுத்தக் கூடாது, மீறினால் விரல் மடங்கவே மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் முதலாளி நாச்சியப்பன் கெட்டவர் அல்ல. "கட்டைவிரல் இல்லாம இங்க செய்யிற வேலை எது இருக்கு, நீங்களே சொல்லுங்க சார்" என்று என்னைக் கேட்டார். யோசித்துப் பார்த்தேன். மூடிகளை நிறம் பிரிப்பது ஒன்றுதான் இருந்தது. அது அரை நாள் வேலைகூடக் கிடையாது. "மெஷினு கப்ளரைக் கழட்டட்டும். அதுக்குப் பக்கத்துல நின்னு பார்த்துக்க ஒரு ஆள் வேணும்ல, அது பஞ்சவர்ணமா இருந்துட்டுப் போகட்டும். தை மாசம் வரைக்கும் பார்ப்போம். அதுக்கு மேல என்னாலயும் முடியாது" என்றார்.

நான் பஞ்சவர்ணத்திடம் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அந்தக் கருவி சரியில்லை என்று மட்டும்தான் வாயில் வந்தது. கட்டுப் போட்ட கையால் மூடிகளைப் பிரித்துக்கொண்டே அவள் சொன்னாள்: "கருவி நல்லாத்தாண்ணே இருக்கு. கைதான் சரியில்ல."

அன்று முதல் அந்த வாக்கியம் என்னோடுதான் சாப்பிடுகிறது, என்னோடுதான் தூங்குகிறது.

இரண்டு முறை திருப்பியது

மூன்று விரல் வைத்து முதல் பிடியைச் செய்தேன். கப்ளரை மூன்று பக்கமும் கவ்வித் திருக வேண்டும். மிக்ஸி கப்ளருக்கு இடது மரை. உலகத்து நட்டெல்லாம் இடப்பக்கம் திருகினால் கழலும், இது வலப்பக்கம் திருகினால்தான் கழலும். இது எனக்குத் தெரியும். முப்பது வருடமாகத் தெரியும். ஆனால் மிக்ஸியைத் தலைகீழாக மாட்டியிருந்தேன். தலைகீழாக வைத்தால் வலம் இடமாகிவிடுமே என்று கணக்கில் ஒரு முறை திசையைத் திருப்பினேன். அதோடு விட்டிருக்கலாம். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடும்போது, திருப்பினோமா இல்லையா என்று சந்தேகம் வந்தது. மறுநாள் காலை வந்து இன்னொரு முறை திருப்பிவைத்தேன். நான் பிறவியிலேயே அப்படி. கதவைப் பூட்டினோமா என்று பார்க்கப் போய்த் திறந்துவைத்துவிட்டு வருகிற ஆள்.

இயந்திரம் என் சொல்லை அப்படியே கேட்டது. இருபது மிக்ஸி. இருபதிலும் கப்ளரை அழகாகக் கவ்வி, முழுப் பலத்தோடு இறுக்கிவைத்தது. அத்தனையையும் கடைசியில் சுத்தியலால் உடைத்துத்தான் எடுக்க முடிந்தது. நாச்சியப்பன் வந்து வரிசையாக ஒவ்வொன்றையும் திருகிப் பார்த்தார். கோபப்படவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, "சார், நாம கழட்டுற கடை. இறுக்கித் தர்ற கடை செக்காலை ரோட்டுல இருக்கு" என்றார்.

பாதி படிச்ச மெஷின்

செக்காலையிலிருந்து ஒருவர் ஆட்டோவில் மிக்ஸியை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். ரோபோ ரிப்பேர் பார்க்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இது ரிப்பேர் பார்க்காது, கழற்ற மட்டும்தான் செய்யும் என்றேன். "சரி, கழட்டட்டும். அப்புறம் மாட்டட்டும்." மாட்டத் தெரியாது என்றேன். அவர் இயந்திரத்தைச் சுற்றி ஒரு வலம் வந்தார். கோவில் யானையைப் பார்ப்பது போல மேலும் கீழும் பார்த்தார். மிக்ஸியைத் திரும்ப மடியில் எடுத்துவைத்துக்கொண்டு ஆட்டோக்காரரிடம் சொன்னார்: "வண்டியைத் திருப்பப்பா. இது பாதி படிச்ச மெஷினு."

வள்ளியம்மையும் சிவகாமியும்

திசையைச் சரிசெய்த பிறகு இன்னொரு வம்பு முளைத்தது. கப்ளருக்குப் போவதற்கு முன்னால் மிக்ஸியின் அடியில் இருக்கும் நான்கு ஸ்க்ரூவை எடுக்க வேண்டும். ஸ்க்ரூ உட்கார்ந்திருக்கும் குழியைக் கேமரா கண்டுபிடித்துச் சொல்லும், விரல் அங்கே திருப்புளியை இறக்கும். சில மிக்ஸிகளில் நான்கும் சரியாகக் கழன்றன. சிலவற்றில் ஸ்க்ரூவே இல்லாத இடத்தில் திருப்புளியை இறக்கி, பிளாஸ்டிக்கைப் பொத்தல் போட்டது. நான் விரலைச் சந்தேகப்பட்டேன். விரலைக் கழற்றி மாற்றினேன். பிறகு மணிக்கட்டைச் சந்தேகப்பட்டேன். பிறகு வழக்கம்போல என்னையே. மார்கழி பாதி போய்விட்டது.

மூடிகளைப் பிரித்துக்கொண்டிருந்த பஞ்சவர்ணம், பொத்தல் விழுந்த மிக்ஸிகளை மட்டும் ஒரு பக்கமாக அடுக்கிவைக்க ஆரம்பித்தாள். எங்கள் பக்கத்தில் பாத்திரத்தில் பேர் வெட்டாமல் பெண்ணுக்குச் சீர் அனுப்ப மாட்டார்கள். அடுக்குச் சட்டி முதல் கரண்டி வரை பேர் இருக்கும். மிக்ஸி பிளாஸ்டிக் என்பதால் வெட்ட முடியாது. கடைக்காரரிடம் கொடுத்துச் சூட்டுக்கோலால் அடிப்பக்கம் பேரைப் பொறித்துவிடுவார்கள். எழுத்துகள் கோடுகளாக விழும். மெய்யெழுத்துக்கு மேலே வைக்கிற புள்ளி மட்டும் சூட்டில் உருகி, வட்டமாக, ஆழமாக, ஸ்க்ரூ குழி மாதிரியே விழும். கேமரா அதைக் குழி என்று நம்பிவிட்டது.

நான் நாற்பது மிக்ஸியைப் பார்த்தும் பேரைப் படிக்கவில்லை. அடிப்பக்கத்தைப் பார்த்தேன், பேரைப் பார்க்கவில்லை. அவள் படித்திருக்கிறாள். என்னைக் கூப்பிட்டு, இரண்டு மிக்ஸிகளைப் பக்கத்தில் பக்கத்தில் கவிழ்த்து வைத்துச் சொன்னாள்: "சிவகாமின்னா ஒண்ணும் செய்யமாட்டேங்குது. வள்ளியம்மைன்னா ரெண்டு குத்து குத்துது. அந்த ஆச்சி மேல இதுக்கு என்ன கோவம்ணே?"

உசுப்புவது என்றால்

பக்கத்தில் எழுத்து இருந்தால் அது புள்ளி, ஸ்க்ரூ அல்ல என்று கேமராவுக்குச் சொல்லிக் கொடுத்தாயிற்று. திசையும் சரி. ஆனாலும் பத்துக் கப்ளரில் நாலு கழலவில்லை. பலத்தைக் கூட்டினால் கப்ளர் நொறுங்கியது. குறைத்தால் விரல் வழுக்கியது. விரலுக்குச் சைக்கிள் ட்யூபை வெட்டி உறை போட்டேன். பல் வைத்தேன். பல்லை எடுத்தேன். பஞ்சவர்ணம் கழற்றிய காலத்தில் பத்துக்கு ஒன்பது கழலும் என்பதை ஊரே சொல்லும். எப்படி என்று கேட்டேன். "முதல்ல உசுப்பணும்ணே. அப்புறம்தான் கழட்டணும்" என்றாள்.

தூங்குகிறவனை உசுப்புவதென்றால் தோளைப் பிடித்து உலுக்குவோம். அதனால் உசுப்புவது என்றால் உலுக்குவது என்று எடுத்துக்கொண்டேன். விரல்களில் அதிர்வு வைத்தேன். கப்ளரைப் பிடித்துக்கொண்டு அந்தக் கை குளிர்ஜுரம் வந்தது போல நடுங்கியது. மேசை நடுங்கியது. ஸ்க்ரூக்கள் டப்பாவோடு கீழே விழுந்து உருண்டன. கப்ளர் மட்டும் அசையவில்லை. மற்ற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தை பிறக்கப் பத்து நாள்கூட இல்லை. அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் கையைக் கெடுத்தவன் நான், அவள் வேலையையும் நானே கெடுத்துவிட்டுப் போகப் போகிறேன் என்று டிபன் பாக்ஸ் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் கெடுத்தவன் பாதியில் எழுந்து போவது இன்னும் கேவலம் என்று தோன்றியது. மூடியை இறுக்கி வைத்துவிட்டு எழுந்தேன்.

ஒரு உதிரிக் கப்ளரை எடுத்து, அதன் அடித்தண்டை என் விரல்களால் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "நான்தான் மோட்டார். நீ கழட்டு. அழுத்தாத, எப்பவும் செய்யிற மாதிரி மெதுவாச் செஞ்சு காட்டு, போதும்" என்றேன். அவள் கட்டுப் போட்ட கையின் ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் மட்டும் வைத்துத் திருகினாள். என் விரலில் முதலில் பட்டது வலப்பக்கத் திருகல் இல்லை. இடப்பக்கம், ஒரு மயிரிழை. இறுக்குகிற பக்கம்! பிறகுதான் வலப்பக்கம் வந்தாள்.

"தப்பான பக்கம் போறியேம்மா."

"இல்லையேண்ணே, நேராத்தான் கழட்டுறேன்."

இன்னொரு முறை செய்யச் சொன்னேன். மறுபடியும் இடப்பக்கம் ஒரு மயிரிழை. அவளுக்கே அது தெரியவில்லை. மூன்றாவது முறை நான் என் விரல் எப்படித் திரும்புகிறது என்று காட்டியதும் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். துரு பிடித்த இடம் முதலில் கொஞ்சம் உடைய வேண்டும். எந்தப் பக்கம் உடைந்தால் என்ன? இறுக்குகிற பக்கம் ஒரு தட்டு, உடனே கழற்றுகிற பக்கம். இருபது மிக்ஸியில் நான் கண்ணை மூடிக்கொண்டு செய்த தவறில் நூறில் ஒரு பங்குதான் அவளுடைய வித்தை. அவள் கப்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு சொன்னாள்: "ஓ, இதைச் சொல்றீகளா? இதுதான்ணே உசுப்புறது. நீங்க என்னன்னு நினைச்சு அந்தப் பாவப்பட்ட மெஷினுக்குச் சாமி வர வச்சீக?"

இங்குட்டு

தை பிறந்து மூன்றாம் நாள் சோதனை. லாரியிலிருந்து இறங்கிய கும்பலில் நாச்சியப்பனே கை போன போக்கில் முப்பது மிக்ஸி எடுத்தார். யாரும் கை வைக்கக் கூடாது, சுவிட்சுப் பெட்டிக்குப் பக்கத்தில் பஞ்சவர்ணம் மட்டும் நிற்பாள் என்று ஏற்பாடு. மற்ற ஐந்து பெண்களும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். அவர்கள் இயந்திரத்தைப் பார்த்த பார்வையில் பாதி பஞ்சவர்ணத்துக்காக, பாதி தங்களுக்காக. அது எனக்குப் புரியாமல் இல்லை. கப்ளர் தவிர வேறு எந்த வேலைக்கும் இந்தக் கைக்கு விரல் செய்ய மாட்டேன் என்று முன்பே நாச்சியப்பனிடம் சொல்லியிருந்தேன். அவர் "பார்ப்போம்" என்றார். அந்தப் பார்ப்போமுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்னும் தெரியாது. தெரியும்வரை கேட்டுக்கொண்டே இருப்பேன்.

கை இறங்கியது. கவ்வியது. இடப்பக்கம் ஒரு மயிரிழை, பிறகு வலப்பக்கம். கப்ளர் கழன்று தட்டில் விழுந்து டங்கென்றது. வள்ளியம்மை ஒன்று வந்தது, குத்தவில்லை. யாரோ ஒரு பெண் கை தட்டினாள், இன்னொருத்தி அதட்டினாள். இருபத்தொன்பது டங். முப்பதாவது மிக்ஸியில் யாரோ கப்ளரைச் சுற்றிப் பசை ஊற்றி ஒட்டியிருந்தார்கள். கை ஒரு முறை உசுப்பியது. இரண்டாம் முறை உசுப்பியது. மூன்றாம் முறை. பிறகு விரலை விரித்தது, மிக்ஸியை மெதுவாக எடுத்து ஓரத்து மேசையில் வைத்தது, சிவப்பு விளக்கைப் போட்டது. அப்படித்தான் நான் எழுதியிருந்தேன். மூன்று முறைக்கு மேல் முயலாதே, ஒதுக்கிவை. எழுதும்போது என் மனதில் இருந்தது மோட்டாரோ கப்ளரோ அல்ல.

நாச்சியப்பன் சிவப்பு விளக்கைப் பார்த்தார். "ஒண்ணு தோத்துருச்சே" என்றார். பஞ்சவர்ணம்தான் பதில் சொன்னாள். "தோக்கலைங்க. முடியலைன்னு எடுத்து ஒதுக்கி வச்சிருக்கு. எனக்கும் அந்தப் புத்தி இருந்திருந்தா கை போயிருக்காது."

நான் தரையைப் பார்த்தேன். அந்தப் புத்தியை அவளுக்கு நான் செய்து கொடுத்த கருவியில் வைத்திருக்க வேண்டும். இத்தனை வருடம் கழித்து ஒரு இரும்புக் கைக்கு வைத்திருக்கிறேன். நாச்சியப்பன் ஓரத்து மேசைக்குப் போய் அந்த மிக்ஸியைத் தானே திருகிப் பார்த்தார். முகம் சிவந்தது, அசையவில்லை. அதை அப்படியே வைத்துவிட்டு, அவள் மூடி பிரிக்கிற மூலையைக் காட்டி, பிறகு சுவிட்சுப் பெட்டியைக் காட்டிச் சொன்னார்: "நாளையில இருந்து நீ அங்குட்டு நிக்காத பஞ்சவர்ணம். இங்குட்டு நில்லு."

பள்ளத்தூர்க்காரர் சொன்னபடி எனக்கு மரை கழன்றிருப்பது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அது இடது மரை போலிருக்கிறது, ஊர் வழக்கப்படி எல்லோரும் கழற்றக் கழற்ற நான் இறுகிக்கொண்டேதான் வருகிறேன்.